காபித்தூளில் ஒளிந்திருக்கும் கீரை

காலையில் எழுந்ததும் உங்கள் வீட்டு பில்டரில் சொட்டுச் சொட்டாக டிகாக்ஷன் இறங்குகிறதே, அதோடு ஒரு கீரைச் செடியின் சாறும் சேர்ந்து இறங்குகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். காபித்தூள் அரைக்கும் கடையில் "எண்பதுக்கு இருபது போடுங்க" என்கிறோமே, அந்த இருபது ஒரு கீரையின் வேர். அதுதான் சிக்கரி. இதே செடியின் விதையை நாட்டு மருந்துக் கடையில் 'காசினி விரை' என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். இலைக்குக் காசினிக்கீரை என்று பெயர். வேர் காபிக் கடையில், விதை மருந்துக் கடையில், இலை கீரைக்கட்டில். மூன்றும் ஒரே செடி என்பது பலருக்குத் தெரியாது.

"டாக்டர், சிக்கரி கலப்படமாமே, உடம்புக்குக் கெடுதலா?" என்று மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அதே மாதத்தில் இன்னும் நாலு பேர் வந்து, "காசினி சாப்பிட்டா சர்க்கரை வியாதி ஓடியே போயிடுமாமே?" என்கிறார்கள். ஒருவருக்கு அது திருடன். இன்னொருவருக்கு அது தெய்வம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

செடியைத் தெரிந்து கொள்ளுங்கள்

சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது சிக்கரி. தாவரவியலில் சிக்கோரியம் இன்டிபஸ் என்பார்கள். தரையோடு தரையாக வட்டமாக இலை விரிக்கும். பார்வைக்கு முள்ளங்கி இலை மாதிரி இருக்கும். காம்பை ஒடித்தால் பால் வரும். வாயில் போட்டால் கசக்கும். வேர் ஒரே ஆணிவேராக மண்ணுக்குள் நேராக இறங்கும். தண்டு உயர்ந்து பூத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். வானத்து நீலத்தில் பூக்கும். காலையில் விரிந்த பூ, வெயில் ஏறும்போது சுருங்கிவிடும்.

கீரைக்காரம்மா சொல்லும் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நம் ஊரில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கீரைகள் உலவுவது சகஜம். இலை, பால், கசப்பு, பூ நான்கையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் பன்னெடுங்காலமாக உண்ணப்பட்ட கீரை இது. யுனானி ஹக்கீம்கள் 'காஸ்னி' என்பார்கள். 1037-ல் மறைந்த மாமேதை இப்னு சீனா, இந்த ஒரு கீரைக்காகவே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். யுனானியில் பெயர் பெற்ற 'ஷர்பத் பஜூரி'யில் காஸ்னியின் விதையும் வேரும் சேருகின்றன.

சித்த மருத்துவ முறைப்படி கைப்புச் சுவை பித்தத்தைத் தணிக்கும். நாம் தினமும் உண்ணும் சாப்பாட்டில் இனிப்பு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, உப்பும் காரமும் தாராளமாகவே இருக்கின்றன. கைப்பு மட்டும் பல வீடுகளில் வாரக்கணக்கில் தட்டுக்கே வருவதில்லை. பாகற்காயை வாங்கினால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ ரசம் வரிசையில் காசினிக்கீரைக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

காபிக்குள் எப்படி வந்தது?

1806-ல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வணிகம் கூடாது என்று கதவை அடைத்தார். கப்பல்கள் நின்றன. காபிக்கொட்டை வரத்து குறைந்தது. காபி குடித்துப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? ஜெர்மனிப் பக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் குடிக்கும் வழக்கம் பிரான்சில் மளமளவென்று பரவியது. பிறகு காபி திரும்பி வந்தும் சிக்கரி போகவில்லை. நம் நாட்டில் இன்று குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் சிக்கரி பயிராகிறது.

வறுக்கும்போது வேரில் உள்ள மாவுச்சத்து உடைந்து கருகிய சர்க்கரை போலாகிறது. டிகாக்ஷனுக்குக் கெட்டியும் கறுப்பு நிறமும் வருவது அதனால்தான். சிக்கரியில் காபின் கிடையாது. ஆகவே சிக்கரி கூடக்கூட, அந்தக் காபியில் காபின் குறையும்.

அப்படியானால் இது கலப்படமா? சொல்லிவிட்டுச் சேர்த்தால் கலவை. சொல்லாமல் சேர்த்தால் கலப்படம். நம் நாட்டுச் சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்க வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.

'சுத்தமான காபி' என்று வாங்கிய தூளில் சந்தேகமா? ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, தூளை ஒரு சிட்டிகை மேலே தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி பழுப்பு நிறக் கோடு போட்டுக்கொண்டு கீழே இறங்கும்.

ஒரு எழுத்தில் உயிர்

இனி நான் எழுத வந்த முக்கியமான சமாச்சாரத்துக்கு வருகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வயது 62. பல வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அதை ஆங்கில மருத்துவர் கவனித்துக் கொண்டிருந்தார். என்னிடம் வந்தது மலச்சிக்கலுக்காக. சிக்கரி வேர்ப்பொடியைக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். விவரம் கேட்கிற மனிதர் என்பதால், "இந்த வேரில் இன்யூலின்னு ஒரு நார்ச்சத்து இருக்கு, அது குடலுக்கு நல்லது" என்று விளக்கமும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவியும் மகனும் கைத்தாங்கலாக அவரை அழைத்து வந்தார்கள். நாக்கு உலர்ந்து, கண் குழி விழுந்து, மேல்மூச்சு வாங்கிக் கொண்டிருந்தது. சர்க்கரையைப் பார்த்தால் 400ஐத் தாண்டியிருந்தது.

"ஊசி போட்டீங்களா?" என்றேன்.

"ஒன்பது நாளா போடலீங்க ஐயா. நீங்கதானே சொன்னீங்க, இந்த வேர்லயே இன்சுலின் இருக்குன்னு. அப்புறம் ஊசி எதுக்குன்னு விட்டுட்டாரு" என்றார் அந்த அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னது 'இன்யூலின்'. அவர் காதில் விழுந்தது 'இன்சுலின்'. நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். சித்த மருந்து எதையும் தொடாமல், அந்த நிமிடமே பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். நான்கு நாள் அங்கே படுத்திருந்து பிழைத்து எழுந்தார். மகன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று அன்று இரவு தோன்றியது.

தப்பு என் பேரிலும் உண்டு. ஊசி போட்டுக்கொள்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, "இது வேற, உங்க ஊசி வேற. ஊசியை நிறுத்தக் கூடாது" என்று நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போதெல்லாம் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கும் அதையே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்சுலின் என்பது நம் கணையத்தில் சுரக்கும் புரதம். கணையத்தில் திட்டுத்திட்டாக உள்ள செல் கூட்டங்களிலிருந்து வருவதால், 'தீவு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. 1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு நோயாளிச் சிறுவனுக்கு ஊசியாகப் போட்டார்கள். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்புவது இதன் வேலை. இதை வாயால் விழுங்கினால் மற்ற புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்துப் போகும். அதனால்தான் ஊசி.

இன்யூலின் என்பது தாவர வேர்களில் சேமித்து வைக்கப்படும் ஒருவகை மாவுச்சத்து. இன்யூலா என்ற செடியின் வேரில் முதலில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். பழச்சர்க்கரைத் துகள்கள் சங்கிலி போலக் கோத்தது அது. சிக்கரி வேரில் இது ஏராளம். வெங்காயத்திலும் பூண்டிலும் கூட உண்டு. இந்தச் சங்கிலியை அறுக்க நம் சிறுகுடலில் ஆள் இல்லை. செரிக்காமல் நேராகப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாழும் நல்ல நுண்ணுயிரிகள் இதைத் தின்று பெருகுகின்றன. மலம் இளகுகிறது.

ஆக, இன்யூலின் குடலுக்குச் சோறு. இன்சுலின் உயிருக்கு ஆதாரம். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

எவ்வளவு சாப்பிட்டால் பலன்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் இதை ஆராய்ந்து, தினமும் 12 கிராம் சிக்கரி இன்யூலின் சாப்பிட்டால் மலம் சீராகக் கழிய உதவும் என்று ஒப்புக் கொண்டது. உங்கள் காபிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டம்ளர் காபிக்கு 10 கிராம் தூள், அதில் இருபது சதவீதம் சிக்கரி என்றால், 2 கிராம்தான் சிக்கரி. அதிலும் வறுபடும்போது இன்யூலினில் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. ஆகவே, "நான் தினமும் சிக்கரிக் காபிதான் குடிக்கிறேன், குடல் சுத்தமாகிவிடும்" என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். காபியில் சிக்கரி ருசிக்கு. உடம்புக்கு வேண்டுமென்றால் கீரையாகவும் வறுக்காத வேராகவும் உணவில் சேருங்கள்.

தொட்டியில் வளர்ப்பது எப்படி?

இது குளிர்காலப் பயிர். வடக்கே அக்டோபர், நவம்பரில் விதைக்கிறார்கள். நம் சமவெளிக்கு, ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு கார்த்திகை பிற்பகுதியிலிருந்து மார்கழிக்குள் விதைப்பது நல்லது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்குக் குளிர்ச்சி கூடுதல் காலம் கை கொடுக்கும்.

தொட்டி: ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் ஒன்றரை அடி ஆழமாவது வேண்டும். அடியில் நான்கைந்து ஓட்டைகள் இருக்கட்டும். கீரைக்கு மட்டும் என்றால் ஒரு அடி போதும்.

மண்: தோட்டத்து மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு. கல், கட்டி இல்லாமல் சலித்துப் போடுங்கள். கல் தட்டினால் வேர் இரண்டாகப் பிளந்துவிடும்.

விதை: விதைக் கடையில் சிக்கரி விதை என்று கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைப்பது எத்தனை வருடம் கிடந்த சரக்கோ, முளைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுபக்கம், பூச்சிமருந்து தடவிய விதையை ஒருபோதும் கஷாயத்துக்கு எடுக்கக் கூடாது.

விதைப்பு: விதை மிகச் சிறியது. ஒரு பிடி மணலில் கலந்து தூவி, மேலே அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். பூவாளியில் மெதுவாகத் தெளியுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நான்கு இலை வந்ததும், செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி கலைத்து விடுங்கள். பிடுங்கிய பிஞ்சுச் செடியை வீணாக்காமல் பருப்பில் போடுங்கள். கசப்பே தெரியாது.

பராமரிப்பு: மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும். அசுவினி தென்பட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். தை பிறந்த பிறகு வெயில் ஏறினால் மதியத்தில் நிழல் கொடுங்கள். வெயில் ஏற ஏற இலையில் கசப்பு கூடும். சீக்கிரமே தண்டு விடவும் பார்க்கும்.

அறுவடை: ஒன்றரை மாதத்தில் வெளி இலைகளை மட்டும் கிள்ளலாம். நடுக்குருத்தை விட்டுவிட்டால் மறுபடி துளிர்க்கும். மூன்று நான்கு முறை கிள்ளலாம். வேர் வேண்டுமென்றால் இலையை அதிகம் கிள்ளாமல், நாலு மாதம் கழித்துத் தோண்டுங்கள். தொட்டியில் விரல் கனத்துக்கு வேர் வந்தாலே பெரிது.

சமையல் அறையில்

இளம் இலையை நன்றாகக் கழுவி, நறுக்கி, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்தால் கசப்பு பாதியாகிவிடும். பிறகு பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல் சேர்த்துப் பொரியலும் செய்யலாம். ஒரேயடியாகக் கசப்பு தாங்காதவர்கள், முளைக்கீரை இரண்டு பங்கு, காசினி ஒரு பங்கு என்று ஆரம்பியுங்கள். 100 கிராம் பச்சை இலையில் 23 கலோரிதான். நார்ச்சத்து 4 கிராம். கால்சியம் சுமார் 100 மில்லிகிராம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

வேரைக் கழுவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, வெயிலில் சுக்காகக் காய வைத்துக் கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்.

கஷாயம்: வறுக்காத வேரை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு டீஸ்பூன் (சுமார் 3 கிராம்) எடுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்ற வைத்து வடிகட்டுங்கள். பசி மந்தம், சாப்பிட்டதும் வயிறு திம்மென்று இருப்பது போன்ற சாதாரணத் தொல்லைகளுக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வேளை குடிக்கலாம். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் காரணம் வேறு. மருத்துவரைப் பாருங்கள்.

பானம்: வில்லைகளை இரும்புச் சட்டியில் சிறு தீயில் பொறுமையாக வறுத்து, பழுப்பானதும் இறக்கி, ஆறவைத்துப் பொடியுங்கள். கருக விடாதீர்கள். கருகினால் வேண்டாத ரசாயனங்கள் சேரும். காபி குடித்தால் தூக்கம் வராதவர்கள் இதை மட்டும் டிகாக்ஷன் போட்டுப் பால் சேர்த்துக் குடிக்கலாம். சர்க்கரையைக் குறையுங்கள்!

யாரெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோயாளிகள்: கீரையாகச் சாப்பிடத் தடையில்லை. மாத்திரையையோ ஊசியையோ நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

மஞ்சள் காமாலை கண்டவர்கள்: "கல்லீரலுக்கு நல்லதாமே" என்று காசினிக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். காமாலை ஒரு நோயின் அடையாளம். கிருமியாலும் வரும், எலிக்காய்ச்சலாலும் வரும், பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் வரும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் மருந்து. பித்தநாள அடைப்பு இருப்பவர்கள் சிக்கரிக் கஷாயத்தைத் தொடவே கூடாது. பித்தப்பைக் கல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

ஒவ்வாமை உள்ளவர்கள்: சாமந்திப் பூவைத் தொட்டால் அரிப்பு, பார்த்தீனியச் செடி பட்டால் தோல் தடிப்பு என்பவர்களுக்கு, அதே குடும்பத்துச் சிக்கரியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள்: இந்தக் கீரையில் வைட்டமின் கே அதிகம். திடீரென்று நிறையச் சாப்பிட்டால் மாத்திரையின் வேலை குறையும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: பொட்டாசியமும் உண்டு. கேட்டுச் சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்: கஷாயமும் வேர்ப்பொடியும் வேண்டாம்.

வாயுத் தொல்லை உள்ளவர்கள்: வேரைத் திடீரென்று அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும். கால் டீஸ்பூனில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. அந்த ஆசிரியர் இப்போதும் என்னிடம் வருகிறார். ஊசியை ஒரு வேளை கூட விடுவதில்லை. மொட்டை மாடியில் இரண்டு தொட்டி காசினி வைத்திருக்கிறார். போன மாசியில் ஒரு கட்டு கீரை கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்து, "இது இன்யூலின் ஐயா. இன்சுலின் வீட்டு ஃப்ரிட்ஜ்ல பத்திரமா இருக்கு" என்று சிரித்தார். பாடம் நடத்திப் பழகியவர் அல்லவா, அந்த ஒரு எழுத்தை எனக்கே மறுபடி நடத்திவிட்டுப் போனார்.

வருகிற கார்த்திகையில் நீங்களும் ஒரு தொட்டி வைத்துப் பாருங்கள். கீரையைக் கீரையாகச் சாப்பிடுங்கள். மருந்தை மருந்தாகத் தொடருங்கள்.